கோயிற் கலையும் சிறுகுழு யாத்திரையும்

நமது கல்லூரி யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், அன்னையின் பழம் பெருமைகளை எடுத்துரைத்தற்குத் தகுதியுடையார் பலர் உளர். ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் விளையாட்டு வெற்றிகளைப் பற்றியும் அவர்கள் இம்மலரில் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சமயக் கலையின் சிகரங்களாய் விளங்கும் கோயில்களையும் படிமங்களையும் காணச் செல்லும் முறையிலே நம்மவர் பெரிதும் தவறிவிட்டனர் என்பதும், அறிந்தார் ஒருவர் வழிகாட்டச் சிறு குழுவாகச் சென்று காண்பதே அதனைத் திருத்தும் வழி என்பதும், அவ்வழியைத் திறந்துவிடும் கடமை பழைய மாணவர் சங்கத்தைச் சார்ந்தது என்பதுமே நாம் கூற விழைவன.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டு பஸ் வண்டிகளில் ஏறத்தாழ நூறு பேர் பொலநறுவைக்குச் சென்றோம். விடியுமுன் புறப்பட்டு, நண்பகலில் அங்குச் சேர்ந்து, மாலைக்குள் அனைத்தையும் பார்த்து முடித்தோம். கல்விகாரையில் இருபது நிமிடம். வாவிக்கரையில் உணவுக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டியாக வந்தவர் உரத்த குரலில் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் அடுக்கினார். அருகில் நின்ற பத்துப் பேருக்கு மட்டுமே அவை கேட்டன. சோழர் கட்டிய சிவாலயத்தின் முன் வண்டிகள் நின்றபொழுது பாதிப்பேர் இறங்கவே இல்லை. வீடு திரும்பியபின் நம்மிடம் எஞ்சியவை நிழற்படங்கள் மாத்திரமே. அவற்றிலும் கோயிலை மறைத்துக்கொண்டு நாமே நின்றோம்.

பின்னொருகால் பதினொருவர் மட்டும் அவ்விடத்துக்கே மீண்டும் சென்றோம். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். அவர் முதலில் எம்மைக் கொண்டுபோனது பொலநறுவைக்கன்று, கொழும்பு நூதனசாலைக்கு. பொலநறுவைச் சிவாலயங்களில் 1907 ஆம் ஆண்டு முதலாக அகழ்ந்தெடுக்கப்பட்ட செப்புப் படிமங்கள் பல அங்கே உள்ளன. ஈழத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1914 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டு, அவற்றின் பெருமையை உலகறியச் செய்தார். அங்கே சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமேனி முன் ஆசிரியர் எம்மை நிறுத்தினார். ஒன்றும் கூறினாரில்லை. நெடுநேரம் சென்றபின், “இவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? ஏன் நின்றுவிட்டார்?” என்று மட்டும் வினவினார். மணக்கோலத்திற் சென்றவர் இடையிலே தடுத்தாட்கொள்ளப்பட்ட அக்கணத்தின் திகைப்பு அத்திருமுகத்தில் உளது என்று கலையறிஞர் கொள்வர். அதனை ஒருவர் கூறக் கேட்பது வேறு. நாமே நோக்கி நோக்கி உணர்வது வேறு.

மறுநாட் பொலநறுவையில் அவர் கையாண்ட முறையும் இதுவே. இரண்டாம் சிவாலயம் என இலக்கமிடப்பட்டுள்ள கோயிலின் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். முதலாம் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் அன்னையுமாகிய வானவன்மாதேவியின் பெயரால் அமைந்தது அது. அடிமுதல் சிகரம்வரை கல்லாலாகிய அச்சிறு கோயில் பதினோராம் நூற்றாண்டுக்குரியது. அதனை முதலில் மும்முறை வலம்வரச் செய்து, கண்டவற்றைக் கூறுமாறு ஒவ்வொருவரையும் கேட்டார். சுவரிலே தமிழ் எழுத்து இருப்பதை மூன்றாம் சுற்றிலேதான் எம்முள் ஒருவர் கண்டார். அது அதிராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. முன்னே வந்த நூறு பேரில் ஒருவரேனும் அதனைக் கண்டிலம். பின்பு முதலாம் சிவாலயத்துக்கு நடந்தோம். அது பாண்டியர் பாணியில் இருநூறு ஆண்டுக்குப் பின் எழுந்தது. அதன் செங்கல் மேற்றளம் அழிந்துபோயிற்று. “இரண்டில் எது முந்தியது? எதனாற் சொல்கிறீர்கள்?” என்று கேட்டு, சுவரின் மாடங்களையும் தூணையும் தூணின்மேற் போதிகையையும் ஒப்பிடச் செய்தார். அன்று மாலை எமக்குப் பள்ளிப் பருவம் மீண்டது போலிருந்தது.

கல்விகாரையிலும் அவ்வாறே. ஒரே பாறை முகத்திற் செதுக்கிய நான்கு திருவுருவங்களுள் கிடந்த கோலத்துப் புத்தரின் பாதங்களைப் பார்க்கச் சொன்னார். ஒரு பாதம் மற்றையதனினும் சிறிது பின்வாங்கியிருக்கின்றது. அது துயிலன்று, பரிநிர்வாணம் என்பதைச் சிற்பி உணர்த்திய வகை அது என்பர். தலையணை தலையின் பாரத்தாற் சற்றே அமிழ்ந்திருப்பதையும் கண்டோம். கல்லை மெத்தென்று காட்டிய அக்கைவண்ணத்தின் முன் சைவர், பௌத்தர் என்னும் வேற்றுமை எமக்குத் தோன்றவில்லை. பிற சமயத்தார் கலையை மதிக்கக் கற்றவனே தன் சமயத்தார் கலையையும் உள்ளபடி மதிப்பான் என்பது நமது கருத்து.

இரு பயணங்களுக்கும் இடம் ஒன்றே. வேறுபாடு தொகையிலும் வழிகாட்டியிலுமே இருந்தது. கோயிலின் உள்மண்டபம் பன்னிருவர்க்கு மேல் நின்று நோக்க இடந்தராது. வினாவும் விடையும் சிறு குழுவிலேதான் நிகழும். நூறு பேரை நடத்துபவர் நேரத்தைக் காப்பாரேயன்றிப் பொருளை விளக்கார்.

வழிகாட்டி எத்தகையவர் என்பதும் சிந்தித்தற்குரியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோரிடம், விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்றும், உச்சியில் உள்ளது ஒரே கல் என்றும் கூறுவார் இன்றும் உளர். நிழல் விழுவதை வெயில் நேரத்தில் எவரும் காணலாம். உச்சிக்கல் பல கற்களை இணைத்தது என ஆய்ந்தோர் உரைப்பர். முன்னுள்ள பெரிய நந்தி இராசராசன் காலத்ததன்று, நாயக்கர் காலத்தது. பொய்ப் புகழ் அக்கோயிலுக்கு வேண்டுவதில்லை. 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்தி, ஏறக்குறைய 216 அடி உயர்ந்து நிற்கும் அவ்விமானத்தின் மெய்ப்புகழே போதும். அதன் கல்வெட்டுக்களில் ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் அக்கோயிலுக்கு விடப்பட்ட செய்தி உண்டு. வானவன்மாதேவி ஈச்சரத்தின் முன் நின்றவருக்கு அக்கல்வெட்டு எத்துணைப் பொருளுடையதாகும்! நிழற் கதை கூறும் வழிகாட்டி இதனைக் கூறுவதில்லை.

ஒரு பொருளைத் தொடர்ந்து செல்லும் யாத்திரையே சிறந்தது என்பதையும் கூறவேண்டும். சுந்தரரையே எடுத்துக்கொள்வோம். கொழும்பிலே அவர் செப்புத் திருமேனியைக் காண்கிறோம். தஞ்சையிலே, நாயக்கர் ஓவியத்தின் அடியிலிருந்து 1931 ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு வெளிப்படுத்திய சோழர் ஓவியங்களில், முதியவர் ஓலை காட்டி வழக்காடுவதும், சுந்தரரும் சேரமான் பெருமாளும் யானையிலும் குதிரையிலும் கயிலை செல்வதும் தீட்டப்பட்டுள்ளன. அவ்வோவியங்கள் உள்ள சுற்றறைக்குள் யாவரும் புகுதல் இயலாது. அங்குள்ள படிகளையேனும் காணலாம். இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்திலே, விமானத்தின் அடித்தளத்தில் நாயன்மார் வரலாறுகள் சின்னஞ்சிறு சிற்பங்களாகத் தொடர்கின்றன. முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட காட்சியும் அவற்றுள் ஒன்று. குனிந்து நோக்குவார்க்கே அவை புலப்படும். விரைந்து செல்வார்க்கு அது வெறுஞ் சுவர். இறுதியாக, அவர் பாடல் பெற்ற திருக்கேதீச்சரத்தில் வழிபட்டு யாத்திரையை முடிக்கலாம். இவ்வாறு செல்பவன் கண்ட நான்கு இடங்களும் ஒரே நூலின் நான்கு அதிகாரங்களாகும்.

இதற்கு மறுப்புக்கள் உண்டு. கோயில் வழிபடுதற்குரியது, அதனைக் கலைக்கூடமாக்கலாமா என்பர் சிலர். தரிசனம் என்னும் சொல்லுக்குப் பொருளே காண்டல் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. ஒவ்வொரு மாடத்திலும் இன்ன மூர்த்தம் அமையவேண்டுமென விதித்த முன்னோர், நாம் அதனைக் காணாது கடத்தல் வேண்டுமென விதித்திலர். செலவு மிகுமே என்பது மற்றொன்று. உண்மையே, பன்னிருவர்க்கு ஆகும் தலைச்செலவு நூற்றுவர்க்கு ஆவதினும் கூடும். ஆயினும் நம் தந்தையர் எளிய வாழ்க்கையினராயிருந்தும் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, சிதம்பரத்துக்கு ஆறுதலாகச் சென்று தங்கி வந்தனர். 1914 இல் தொடங்கிய அவ்வழியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரிற் கப்பற் சேவை தொடங்கியபொழுது பழைய வழி புதிதாய்த் திறந்தது என மகிழ்ந்தோர் பலர். செல்லும் வழி எதுவாயினும், ஆறுதலாகச் சென்று தங்கிக் காணும் அப்பழைய வழக்கமே மீளவேண்டும்.

இவ்வளவும் வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாயின் இம்மலரின் பக்கங்களை நாம் கொள்ளமாட்டோம். நெஞ்சில் உறுத்தும் ஒன்றை ஈண்டு வெளிப்படக் கூறுகின்றோம். நாம் உறுப்பினராயிருந்த ஒரு கோயிற் பரிபாலன சபை, கும்பாபிஷேகத்தை முன்னிட்டுத் திருப்பணி தொடங்கியது. முன்மண்டபத்தில் வெள்ளைக்கல்லாற் செய்த பழந்தூண்கள் ஆறு இருந்தன. அவற்றிலே கொடியும் அன்னமும் செதுக்கியிருந்தன. சீமெந்துத் தூண்கள் வலியன என்று கூறப்பட்டது. தீர்மானம் வந்தபொழுது யாவரும் கை உயர்த்தினோம், நாமும் உயர்த்தினோம். தூண்கள் உடைக்கப்பட்டுப் புதிய தளத்தின்கீழ் நிரப்பப்பட்டன. ஒரு நிழற்படந்தானும் எடுத்து வைக்கவில்லை. அச்சபையில் இருந்தோர் தீயவரல்லர். பக்தியுடையவர், படித்தவர், பலர் நம் கல்லூரியின் மைந்தர். அத்தூண்களைச் சிறுவயது முதல் நாள்தோறும் கடந்து சென்றவர்கள். ஆயினும் எம்மில் ஒருவரும் அவற்றைப் பார்த்ததில்லை. பொலநறுவையிலே ஆசிரியர் ஒரு தூணின் முன் எம்மை அரைமணி நேரம் நிறுத்தியபொழுதுதான், நாம் செய்தது யாது என்பது எமக்கு விளங்கியது. அப்பொழுது காலம் கடந்துவிட்டது.

போரினால் இழந்தவற்றைப் பற்றி நாம் பேசுகின்றோம், பேசவேண்டியதே. அமைதிக் காலத்தில் நம் கையாலேயே இழப்பனவற்றைப் பற்றி யார் பேசுவார்? இன்று நம் ஊர்களிற் கோயில் திருப்பணிகள் பெருகியுள்ளன, பொருளுக்கும் குறைவில்லை. சபைகளில் இருந்து முடிவு செய்வோர் பெரும்பாலும் நம் போன்ற கல்லூரிகளிற் கற்றவர்களே. அவர்களுக்குக் கண் பயிலாவிடின் இன்னும் எத்தனை தூண்கள் தளத்தின்கீழ்ப் போகுமோ!

ஆதலின் சங்கத்தின்முன் ஓர் எளிய திட்டத்தை வைக்கின்றோம். ஆண்டுக்கு நான்கு யாத்திரை, ஒவ்வொன்றிலும் பன்னிருவர், மிகுதல் கூடாது. பத்தாண்டில் நானூற்றெண்பதின்மர் கண்பெறுவர். இரண்டு யாத்திரை ஈழத்திலும், வசதி நோக்கி ஏனையவை சோழநாட்டிலும் அமையலாம். பன்னிரண்டு இடங்களுள் நான்கு கோயிற் பரிபாலன சபையினருக்கும், நான்கு உயர்வகுப்பு மாணவருக்கும் உரியனவாகுக. மாணவரின் செலவைச் சங்கம் ஏற்பதாக. வழிகாட்டுவோர் சரித்திரமும் சிற்பமும் கற்றவராய், தெரியாததைத் தெரியாதென்று கூறும் நேர்மையுடையவராய் இருத்தல் வேண்டும். சென்று மீண்ட ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோயிலின் பழந்தூண், வாகனம், தேர், கல்வெட்டு ஆகியவற்றை அளந்தும் படம்பிடித்தும் குறிப்பெழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு ஒப்புவிப்பாராக. அக்குறிப்பே அவர் செலுத்தும் காணிக்கை.

விழாக்களிற் கட்டடம் எழுப்புதல் வழக்கம்; அதுவும் வேண்டுவதே. இம்முறை சங்கத்தார் அதனோடு இச்சிறு முயற்சியையும் தொடங்கிவைத்தல் வேண்டும். முதல் யாத்திரைக்கு எம் பெயரையும் பதிந்துகொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். ஆறு தூண்களுக்காக நாம் செலுத்தவேண்டிய கடன் ஒன்று இருக்கின்றது. அதனைத் தீர்க்கத் திருவருள் துணைபுரிவதாக.