காருக்குள்ளே ஒளித்து வைக்கும் காது

போன திங்கட்கிழமை எங்கள் ரெஸ்ரோறன்ருக்கு லீவு. பிந்தி எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, அக்காவின் மகன் வந்து பெல் அடித்தான். வாசலில் அவன் புதிதாக எடுத்த செக்கன்ட் ஹான்ட் பி.எம்.டபிள்யூ இசட் 4. கையில் ஒரு சின்னப் பெட்டி.

"மாமா, நீங்கள் கம்பஸில பிசிக்ஸ் படிச்சனீங்கள்தானே. இதை வெளியில தெரியாமப் பூட்டித் தருவீங்களோ?"

பெட்டிக்குள் இருந்தது றாடார் டிடெக்டர், இன்ரர்நெற்றில் வாங்கினதாம். அன்ரெனாவை முன்பக்கக் கிறில்லுக்குப் பின்னால் வைத்து, வயரை உள்ளால் இழுத்து, பியூஸ் பெட்டியிலிருந்து நேரே கரண்ட் கொடுக்கவேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லைற் மட்டும். பொலிஸ் மறித்தாலும் பிடிபடாதாம்.

யாழ்ப்பாணக் கம்பஸில் இரண்டு வருசம் பௌதிகம் படித்தவன் நான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட, என் படிப்பும் அதோடு நின்றது. பிறகு இங்கே வந்து கோப்பை கழுவினதுதான். ஆனாலும் ஒருவன் வந்து பிசிக்ஸ் கேட்டால் மனம் கொஞ்சம் குளிரத்தான் செய்கிறது. அதனால் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. இருத்தி வைத்து விளக்கினேன்.

முதலில் பிசிக்ஸ். இந்தப் பெட்டி ஒரு காது. றாடார் அலை வந்தால் கத்தும். ஆனால் இப்போது ஜேர்மனியில் நிற்கும் பிளிட்ஸர்களில் பல றாடாரே இல்லை. சில லேசரால் அளக்கின்றன. சிலவற்றின் உணரிகள் தாருக்குள் புதைந்து கிடக்கின்றன. இன்னும் சில எந்த அலையும் விடுவதில்லை, கார் கடக்கும்போது வெளிச்சம் மாறுவதை வைத்தே வேகத்தைக் கணிக்கின்றன. வாய் திறக்காதவனைக் காது எப்படிக் கேட்கும்? ஹனோவருக்குப் பக்கத்தில் பி6 வீதியில் 2019 இல் தொடங்கின முறையோ இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை எடுத்தது. அங்கே ஒரு இடத்தில் பிரேக் அடித்துத் தப்பவும் ஏலாமல் இருந்தது.

அடுத்தது சட்டம். வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதியின் 23ஆம் பிரிவின்படி, ஓட்டுபவர் இதை இயங்கக்கூடிய நிலையில் கொண்டுபோகவே கூடாது. பிடிபட்டால் 75 யூரோ, பிளென்ஸ்பூர்க்கில் 1 புள்ளி. பெட்டியையும் பறித்து அழிக்கலாம். வயர் போட்டுப் பூட்டினால், 'சும்மா பைக்குள்ள கிடந்தது' என்று சொல்லவும் வழியில்லை. ஒளித்து வைத்த விதமே உனக்கு எதிரான சாட்சி.

இப்படியொரு பெட்டி வாங்கி, அது வேலை செய்யவில்லை, காசைத் திருப்பித் தா என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2005 இல் சமஷ்டி உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமோ? இந்த வியாபாரமே நல்லொழுக்கத்துக்கு விரோதம், செல்லாது, காசும் திரும்பக் கிடையாது!

பெடியன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு போட்டானே ஒரு போடு:

"ஊரில நீங்கள் செய்யேல்லையோ மாமா? முன்னால ஆமி நிக்கிறான் எண்டு எதிர வாற ஆக்கள் சைகை காட்டுவினம், உடனே ஒழுங்கைக்குள்ள திருப்பிடுவம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எனக்குக் கொஞ்சநேரம் கதை வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. எங்கள் தலைமுறைக்குச் சோதனை என்றால் சுத்திப் போகவேண்டியது என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. பிள்ளைகளுக்கும் அதைத்தான் வீரக்கதையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே சாவடியில் நின்றவன் தேடினது என்னை. என் வயது, என் ஊர், என் அடையாள அட்டை. இங்கே றோட்டுக் கரையில் நிற்கிறது அளப்பது காரின் வேகத்தை. தமிழனோ ஜேர்மன்காரனோ, 30 இல் 52 என்றால் 52தான். எனக்கும் ஒருமுறை அதே கடிதம் வந்தது. 115 யூரோ, 1 புள்ளி. கிட்டத்தட்ட ஒரு முழுநாள் அடுப்படியில் நின்ற காசு. வயிறு எரிந்துதான் கட்டினேன்.

நகரசபைகள் காசு பிடுங்கத்தான் பெட்டி வைக்கின்றன என்பார்கள். சில இடங்களில் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அப்படியென்றால் எதிர்த்து எழுது. அளந்த தரவைச் சேமிக்காத மெசின் என்று ஒருவர் வாதாடி, 2019 இல் சார்லாண்ட் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றார். வழக்குக் கோப்பில் இல்லாத அளவீட்டுத் தகவல்களையும் கேட்டுப் பார்க்க உரிமை உண்டு என்று 2020 இல் கார்ல்ஸ்றூவ நீதிமன்றம் சொன்னது. ஆமியின் சாவடியை எதிர்த்து நாங்கள் எந்தக் கோட்டுக்குப் போனோம்? அங்கே ஒளிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இங்கே இருக்கிறது.

கடைசியாகத் திரும்பவும் பிசிக்ஸ். இங்கே டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தரும் கணக்குத்தான். 30 இல் வருபவன் அவசர பிரேக் அடித்தால் சுமார் 13.5 மீற்றரில் நிற்பான். 50 இல் வருபவனுக்கு, கால் பிரேக்குக்குப் போகமுன்னமே 15 மீற்றர் போய்விடும். அதாவது முதலாமவன் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாமவன் இன்னும் முழு 50 இல். நான் வேலை முடித்து, இரவு பதினொன்றரைக்குக் கடக்கும் தெருவும் ஒரு 30 வலயம்தான். பகலில் அதே இடத்தைக் கிண்டர்கார்டன் பிள்ளைகள் கடக்கின்றன.

1970 இல் இரண்டு ஜேர்மனியிலுமாக 21,000 பேருக்கு மேல் வீதியில் செத்தார்கள். 2023 இல் 2,839 பேர். சீற் பெல்ற், நல்ல கார், மதுக் கட்டுப்பாடு என்று காரணம் பல. வேகக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் அதற்குள் அடக்கம்.

வேகத்தில் ஆசை இருப்பது பிழையில்லை. வேகம் பிடிக்கும் கமெராவுக்குப் பெயர்போன கட்சோனிடஸ் 1953 இல் மொன்ரே கார்லோ றாலியை வென்ற காரோட்டி. தான் வளைவில் எவ்வளவு வேகமாகப் போகிறேன் என்று பார்க்கத்தான் முதலில் அதைச் செய்தார்! ஓட்டம் வேண்டுமென்றால் ஓட்டோபானில் கட்டுப்பாடில்லாத துண்டுகள் இருக்கின்றன. பிள்ளைகள் கடக்கும் தெருவில் வேண்டாம்.

மருமகன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். 2009 இல் அதே உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. தொலைவிலிருந்து வாங்கினதென்றால், வியாபாரம் செல்லாததாக இருந்தாலும் திருப்பி அனுப்பிக் காசு வாங்கும் உரிமை உண்டு. அவனுக்கு 14 நாள் தவணை. ஐந்து நாள் போய்விட்டது. தபாலில் போடுகிற செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.