மணிப்புறாவுக்கு நஞ்சு வேண்டாம்

புன்செய்யில் விதைப்பு முடிந்ததும் மணிப்புறாக்கள் வந்து இறங்குவது வழக்கம். கழுத்தின் பின்புறம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதால் இதனைப் புள்ளிப்புறா என்றும் கூறுவர். விதையைத் தின்கிறதே என்ற கோபத்தில் நஞ்சு கலந்த தானியத்தைத் தூவும் விவசாயிகளும் உண்டு. இது தவறான முறையாகும்.

இப்பறவை கோழியைப் போல் மண்ணைக் கிளறுவதில்லை. மேலே கிடக்கும் தானியத்தையும் களை விதைகளையுமே பொறுக்கித் தின்னும். ஆகவே, மூடாமல் விட்ட விதைக்குத்தான் ஆபத்து அதிகம். மானாவாரிச் சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் சாலில் விதைத்து, நன்கு மண் மூடிவிட வேண்டும். முளை வெளிவரும் வரை காலையும் மாலையும் காவல் இருந்தால் போதும்.

மணிப்புறா சில சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டி, பெரும்பாலும் 2 வெள்ளை முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். சுமார் 2 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். தீனிப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவையே இரண்டும் குஞ்சுகளுக்கு ஊட்டும். நஞ்சு தின்று இவை மடிந்தால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் சாகும்.

நஞ்சிட்ட தானியம் புறாவோடு நிற்பதில்லை. மேயும் கோழியும் அதைத் தின்னும். செத்த பறவையைத் தின்னும் நாய்க்கும் கேடு வரும். மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்புறாவைக் கொல்வது குற்றமாகும்.

மருந்து கலந்த விதை வரப்பில் சிந்தினால் உடனே மண்ணில் புதைத்துவிடுதல் நலம்.