துக்கம் கேட்பவரின் துக்கத்தை யார் கேட்பது?

உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறார்கள். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறார்கள். மனசில் பாரம் ஏறினால் எங்கே போவது?

அமெரிக்காவில் இதற்கென்றே படித்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மன ஆலோசகர்கள் என்று பெயர். பேசுவதைவிடக் கேட்பதுதான் அவர்களுடைய வேலை. மனைவியைப் பறிகொடுத்தவர் வருவார். குடியை விட முடியாதவர் வருவார். "இனி உயிரோடு இருந்து என்ன பயன்?" என்று கேட்கும் இளைஞன் வருவான். அத்தனை பேர் கதையையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆலோசகர்கள் ஐந்து பேர், பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து ஒரே இடத்தில் தொழில் நடத்துவது அங்கே சகஜம். ஒருவர் முதலாளி. மற்றவர்கள் சம்பளத்துக்கோ, கட்டணத்தில் ஒரு பங்குக்கோ வேலை செய்வார்கள். முன் அறையில் போன் எடுக்க ஒருவர் இருப்பார். கணக்குப் பார்க்க ஒருவர் இருப்பார்.

வெளியில் இருந்து பார்த்தால் இது சுகமான வேலை. வெயில் இல்லை, மழை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் போதும்!

ஆனால், நல்ல ஆலோசகர்கள் மனம் சோர்ந்து வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். முதலாளிகளுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள்? அதைத் தடுக்க வழி உண்டா?

இது முதலாளியின் கவலை மட்டும் அல்ல. வைத்தியத்துக்கு வருகிறவனின் வாழ்வும் இதில் அடங்கி இருக்கிறது.

இறக்கி வைக்க முடியாத சுமை

மூட்டை தூக்குகிற தொழிலாளி, சாயங்காலம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மன ஆலோசகர் அப்படிப் போக முடியாது. பகலில் கேட்ட கதை இரவிலும் கூடவே வரும்.

அதை மனைவியிடமோ, கணவரிடமோ சொல்லி ஆறுதல் அடையலாமா? கூடாது! தன்னிடம் வருகிறவர் சொன்னதை ஆலோசகர் வெளியே விடக்கூடாது. அது தொழில் தர்மம். அதோடு சட்டமும் கூட. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சமயங்களுக்குத்தான் விதிவிலக்கு உண்டு.

ஊரார் துக்கம் எல்லாம் ஒருவர் மனசுக்குள் போகிறது. வெளியே போக வழி இல்லை. அப்படியானால் அந்த மனசு என்ன ஆகும்?

எண்ணெய் இல்லாத திரி

நியூயார்க் நகரில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். பகல் எல்லாம் தன்னிடம் வரும் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் ஓர் இலவச மருத்துவ நிலையத்துக்குப் போவார். போதைப் பழக்கத்தில் சிக்கிய ஏழை இளைஞர்கள் அங்கே வருவார்கள். அவர்களுக்குத் தொண்டு செய்வார்.

அங்கே அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தொண்டு செய்ய வந்தவர்கள் முதலில் துடிப்போடு வேலை செய்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் ஆனதும் வாடிப் போனார்கள். சிடுசிடுத்தார்கள். தலைவலி, தூக்கமின்மை என்று அவதிப்பட்டார்கள். உதவி கேட்டு வந்தவர்களையே வெறுக்க ஆரம்பித்தார்கள். இந்தச் சோர்வு பிராய்டன்பெர்கரையும் விட்டு வைக்கவில்லை.

1974-ம் ஆண்டு இதைப் பற்றி அவர் எழுதினார். "எரிந்து தீர்ந்து போதல்" என்று அதற்குப் பெயர் கொடுத்தார். விளக்கில் எண்ணெய் வற்றினால் திரி கருகும் அல்லவா? அது போலத்தான். யார் அதிக ஈடுபாட்டோடு உழைக்கிறாரோ, அவரே முதலில் கருகுகிறார் என்பது அவர் கண்ட உண்மை.

அடுத்து, கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண் பேராசிரியர் இதை ஆராய்ந்தார். இந்தச் சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு என்றார். உள்ளே சக்தி வற்றிப் போவது ஒன்று. எதிரில் இருப்பவரை மனிதராக நினைக்காமல், ஒரு ஜடப்பொருளைப் போல நடத்துவது இரண்டு. "நான் செய்வதால் யாருக்கும் பயன் இல்லை" என்று எண்ணுவது மூன்று.

2019-ல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டது. "இது நோய் அல்ல. வேலை செய்யும் இடத்தில் நீண்ட நாள் நெருக்கடி இருந்து, அதைச் சரிவரச் சமாளிக்காததால் வருவது" என்ற விளக்கத்தை அது தந்தது.

இதைக் கவனிக்க வேண்டும். குறை திரியில் இல்லை. எண்ணெய் ஊற்றாததில் இருக்கிறது!

ஊழியர்களின் பூசலும் நோயாளியின் வெறியும்

"சிப்பந்திகள் முகம் வாடினால் வாடட்டும். வேலை நடந்தால் சரி" என்று சில முதலாளிகள் நினைக்கலாம். அப்படி வேலை நடக்காது என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மனநல ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஆல்பிரட் ஸ்டான்டன் என்ற டாக்டரும், மாரிஸ் ஷ்வார்ட்ஸ் என்ற சமூக ஆராய்ச்சியாளரும் நெடுநாள் ஆராய்ச்சி செய்தார்கள். 1954-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள்.

அங்கே சில நோயாளிகள் திடீர் என்று வெறி பிடித்தது போல ஆவார்கள். காரணம் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். அப்போது உண்மை வெளிப்பட்டது.

அந்த நோயாளியை எப்படி நடத்துவது என்பதில் ஊழியர்கள் இரண்டு பேருக்குள் கருத்து வேற்றுமை இருந்தது! இருவரும் அதை வெளிக்காட்டிக் கொள்ளவில்லை. வாய் திறந்து பேசவும் இல்லை. மனசுக்குள்ளேயே குமைந்தார்கள். அந்தப் புகைச்சல் நோயாளியைப் போய்ச் சுட்டது.

அந்த இருவரையும் உட்கார வைத்து, மனம் விட்டுப் பேச வைத்தார்கள். நோயாளியின் வெறி அடங்கியது. அதுவும், பெரும்பாலும் சட்டென்று அடங்கியது!

தாய் தகப்பன் பேசாமல் முறைத்துக் கொண்டு இருந்தால், குழந்தை சோறு தின்னாமல் அழுகிறது. இது எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த சங்கதிதானே!

"பத்தாம் நம்பர் கட்டில்"

லண்டனில் நடந்தது இன்னொரு கதை.

1950-களின் கடைசியில், அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குப் படித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேர் பாதியிலேயே விலகிப் போனார்கள். காரணம் கண்டுபிடிக்க இசபெல் மென்சீஸ் என்ற மனோதத்துவ நிபுணரை அழைத்தார்கள்.

அவர் கண்டது என்ன? மரணத்தையும் வலியையும் தினம் பார்க்கும் நர்சுகளின் மனசு புண்படக் கூடாது என்று, அந்த ஆஸ்பத்திரியில் சில வழக்கங்கள் ஏற்பட்டு இருந்தன. ஒரு நோயாளியோடு நெருங்கிப் பழகும் முன்பே நர்சை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கட்டில் நம்பரைச் சொல்வார்கள். அல்லது வியாதியைச் சொல்வார்கள். கண் கலங்கினால், "தைரியமாக இரு" என்று அதட்டுவார்கள்.

நெருக்கம் இல்லாவிட்டால் துக்கம் இல்லை என்று எண்ணினார்கள். நடந்ததோ நேர்மாறு. பயம் குறையவில்லை. வேலையில் கிடைக்கக்கூடிய திருப்திதான் குறைந்தது. நோயாளி குணம் அடைந்து சிரிப்பதைப் பார்க்கும் பாக்கியம் நர்சுக்கு இல்லாமல் போயிற்று. நல்ல திறமையுள்ள பெண்களே பலர் விலகினார்கள்.

மனசைப் பூட்டி வைப்பது மருந்து ஆகாது. இதுதான் மென்சீஸ் தந்த பாடம்.

சாகும் முன் ஒருவர் செய்த தானம்

பூட்டுவது தவறு என்றால், திறப்பது எப்படி? பாஸ்டன் நகரத்து வக்கீல் ஒருவர் இதற்கு வழி காட்டினார்.

அவர் பெயர் கென்னத் ஷ்வார்ட்ஸ். (முன்பு சொன்ன ஷ்வார்ட்ஸ் வேறு, இவர் வேறு.) 1994-ல், நாற்பது வயதில், அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. வைத்தியத்தின்போது டாக்டர்களும் நர்சுகளும் அவரிடம் காட்டிய அன்பு அவரை உருக்கியது. கையைப் பிடித்துக் கொண்டு சொன்ன ஒரு வார்த்தை, தாங்க முடியாததைத் தாங்கும்படி செய்தது என்று உணர்ந்தார். அதைப் பத்திரிகையில் எழுதினார். அன்பான வைத்தியத்தை வளர்க்க ஒரு நிலையம் ஏற்படவும் வழி செய்தார். 1995-ல் இறந்து போனார்.

அந்த நிலையம் 1997-ல் ஒரு புதுமையைத் தொடங்கியது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் அவ்வப்போது ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார வேண்டும். பெரிய டாக்டரும் வரலாம். துப்புரவுத் தொழிலாளியும் வரலாம். மூன்று, நான்கு பேர் தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். "என்ன மருந்து கொடுத்தோம்?" என்பது அங்கே பேச்சு அல்ல. "அப்போது என் மனசு என்ன பாடுபட்டது?" என்பதுதான் பேச்சு. மற்றவர்கள் கேட்பார்கள். யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அங்கே சொன்னது வெளியே போகாது.

2009-ல் இங்கிலாந்தும் இதை ஏற்றுக்கொண்டது. பிறகு நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பரவியது. பெரிய டாக்டர் ஒருவர், "அன்று வீட்டுக்குப் போய் அழுதேன்" என்று சொல்லும்போது, கேட்கும் சின்ன நர்சு, "நான் மட்டும் பலவீனமானவள் இல்லை" என்று தெரிந்து கொள்கிறாள். அந்த ஒன்று போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும்.

தவறைச் சொல்லப் பயமா?

மனம் விட்டுப் பேசுவதில் இன்னொரு லாபமும் உண்டு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆமி எட்மண்ட்சன் என்ற பெண், 1990-களில் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார். ஊழியர்கள் ஒற்றுமையாக உள்ள வார்டில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எடுத்தால், அங்கேதான் தவறுகள் அதிகம்! திகைத்துப் போனார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த வார்டில் நடந்த தவறை மறைக்காமல் சொன்னார்கள். சொன்னால் திருத்தலாம் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது. தலைமை நர்சு சீறி விழும் வார்டில், தவறு நடந்தாலும் அதைச் சொல்லப் பயந்தார்கள்.

மன ஆலோசனை நிலையத்திலும் இப்படித்தான். "அந்தப் பையனிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேனோ?" என்று ஓர் ஆலோசகர் பயப்படுகிறார். அதை அன்றே சொல்ல ஒரு காது வேண்டும். சொன்னால், அந்தப் பையனுக்கு உடனே போன் செய்யலாம். சொல்லாவிட்டால்? விளைவு ஓர் உயிராகவும் இருக்கலாம்!

முதலாளி செய்ய வேண்டியது என்ன?

சிப்பந்திகள் சோர்ந்தால் சில முதலாளிகள் கேக் வெட்டுகிறார்கள். விருந்து வைக்கிறார்கள். விருந்து நல்லதுதான். ஆனால், பத்துப் பேர் வேலையை ஆறு பேர் தலையில் கட்டிவிட்டுக் கேக் கொடுத்தால், அது எப்படி இனிக்கும்?

செய்ய வேண்டியவை இவை:

1. ஒருவர் ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் பார்க்கலாம் என்று அளவு வேண்டும். அடுத்த ஆள் வரும் முன் மூச்சுவிட நேரம் வேண்டும்.

2. குறிப்பு எழுதுவதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தாள் அனுப்புவதும் வேலைதான். அதற்கும் கூலி உண்டு. வருவதாகச் சொன்னவர் வராமல் போனால், அந்த நஷ்டம் முழுவதையும் ஆலோசகர் தலையில் போடக்கூடாது.

3. கடினமான ஆட்களை எல்லாம் ஒருவரிடமே அனுப்பக்கூடாது. பங்கீடு நியாயமாக இருக்க வேண்டும்.

4. விதி மாறும் முன்பு, அந்த விதிக்கு உட்பட்டவர்களின் அபிப்ராயத்தைக் கேட்க வேண்டும்.

5. வாரம் ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து மனசில் உள்ளதைப் பேச வேண்டும். முன் அறையில் போன் எடுப்பவருக்கும் அங்கே இடம் உண்டு. அழுகிற குரலை முதலில் கேட்பவர் அவர்தானே!

6. முதலாளியே முதலில், "இந்த வாரம் எனக்கும் கஷ்டமாக இருந்தது" என்று சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாடகை கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி குறைத்துக் கொடுக்கும், அதையும் தாமதித்துக் கொடுக்கும். முதலாளியும் தூக்கம் இல்லாமல்தான் இருக்கிறார்.

ஆனால், ஓர் ஆலோசகர் விலகிப் போனால் ஆகும் நஷ்டத்தை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். புது ஆள் தேட வேண்டும். பழக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் நோயாளிக்கு. தன் தகப்பன் செய்த கொடுமையை ஒரு பெண் இருபது வருடம் கழித்து முதல் முறையாக ஒருவரிடம் சொல்லி இருப்பாள். அடுத்த வாரம் போனால் அந்த ஆள் இல்லை! மறுபடியும் முதலில் இருந்து சொல்ல அவளுக்கு மனசு வருமா? அவளுக்கும் ஆலோசகருக்கும் இடையே வளர்ந்த நம்பிக்கைதான் பாதி மருந்து. அது முறிந்தால் வைத்தியமும் முறியும்.

இங்கேயும் உண்டு

இது தூர தேசத்துச் சங்கதி மட்டும் அல்ல. 2022 அக்டோபரில் இந்திய அரசு "டெலி மானஸ்" என்ற இலவச போன் சேவையைத் தொடங்கியது. மனசு உடைந்தவர்கள் இரவிலும் பகலிலும் 14416 என்ற நம்பருக்குப் பேசலாம். தமிழிலும் பேசலாம். அந்தப் பக்கம் போனை எடுப்பவருக்கும் ஒரு மனசு உண்டு. ஆஸ்பத்திரி நர்சுக்கும், பள்ளிக்கூட ஆசிரியைக்கும், வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனிக்கும் மருமகளுக்கும் உண்டு.

மற்றவர் கண்ணீரைத் துடைக்கிறவர்களிடம், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். பதிலைக் கேட்டபின், அவர் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கவும் வேண்டும்.