பள்ளிக்கரணை: ஆக்கிரமிப்பாளர் யார்?

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அன்று ஏற்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அரை நூற்றாண்டுக்கு முன் இச்சதுப்பு ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. மீதி நிலம் எங்கே போனது? அந்த இழப்பின் சுமை யார் மீது விழுந்தது?

கழுவெளி என்று மக்கள் அழைக்கும் இந்நிலம், சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, மிகுதியை ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல அனுப்புகிறது. பூநாரையும் கூழைக்கடாவும் இரைதேடும் இடமும் இதுவே. ஆயினும், காலனியக் காலந்தொட்டு, வரி தராத இத்தகைய நிலங்களை ஆட்சியாளர்கள் பயனற்ற தரிசாகவே கருதினர். அந்தப் பார்வையின் விளைவாகவே பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அரசு நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் இங்கு எழுந்தன. இவற்றுக்கு ‘வளர்ச்சி’ என்று பெயர்.

கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த உழைக்கும் மக்களுக்கோ ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று பெயர். இவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். 2015 வெள்ளத்திற்குப் பின், நீர்நிலைகளை மீட்பதாகக் கூறி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இவ்வாறே நிரப்பப்பட்டிருந்தன. இக்குடியிருப்புகள் அமைந்திருப்பது இதே சதுப்பையொட்டிய தாழ்நிலங்களில். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்திலேயே குடியமர்த்தியுள்ளனர். வேலையும் பள்ளியும் தொலைவாகிப் போயின. மழைக்காலத்தில் வீதிகளில் நீர் தேங்குகிறது.

2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ஈரநிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதையும் ஆக்கிரமிப்பதையும் தடைசெய்கின்றன. சட்டம் இருக்கிறது; அது முதலில் யார் மீது பாய்கிறது என்பதே கேள்வி. குடிசைக்கு விரைந்து வரும் இயந்திரம், பெருநிறுவனத்தின் சுற்றுச்சுவர் முன் நின்றுவிடுகிறது.

எனவே, ஈரநிலப் பாதுகாப்பு பறவை ஆர்வலர்களின் அக்கறையாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. அது சாதி ஒழிப்பு இயக்கங்களின் கோரிக்கையாகவும் வேண்டும். சதுப்பின் எல்லை வெளிப்படையாக வரையறுக்கப்பட வேண்டும். அதன் நீர்வழிகளில் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி அளிக்கக் கூடாது. குப்பைக் கிடங்கு முழுமையாக அகற்றப்பட வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதி மக்களுக்கு வடிகால் வசதியும், அவர்களைப் பற்றிய திட்டங்களில் முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும். பாதுகாப்பின் பெயரால் அவர்களை மீண்டும் ஒருமுறை வெளியேற்றுவதை ஏற்க இயலாது. நீர் தங்கவும் இடம் வேண்டும். நகரைக் கட்டியெழுப்பியவர்கள் அந்நகருக்குள் வாழவும் இடம் வேண்டும்.