ஜி11: பின்வாங்கத் தெரிந்த கேமரா

எந்தப் புதிய பொருளும் பழையதைவிட ஏதோ ஒன்றைக் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியே கடைக்கு வருகிறது. டிஜிட்டல் கேமராச் சந்தையில் அந்த 'ஏதோ ஒன்று' நெடுங்காலம் மெகாபிக்சலாக இருந்தது. கடைக்காரரும் அதைச் சொன்னார். வாங்கச் சென்ற நாமும் அதையே கேட்டோம். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேனன் நிறுவனம் பவர்ஷாட் ஜி11 என்னும் கேமராவை அறிவித்தபோது இந்த வழக்கம் தலைகீழானது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜி10இல் 14.7 மெகாபிக்சல். ஜி11இல் 10 மட்டுமே. மூத்ததின் எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் துறந்துவிட்டு இளையது வந்து நின்றது.

இலக்கியம் பேசும் இடத்தில் கேமராவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதும் பணியை இன்று பெருமளவு கேமராதான் செய்கிறது. எழுதுவோர் செய்த பிழைகளைப் பற்றிப் பதிப்பாசிரியர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். கேமரா செய்யும் பிழையைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

எங்கள் தமிழ்த்துறையினர் சிலர் சேர்ந்து, விடுமுறை நாள்களில், வீடுகளில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்து வருகிறோம். தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு கேமரா. அதன் பெயர் இங்கே வேண்டாம். மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து நாங்களே விரும்பி வாங்கியது அது. ஒரு வீட்டில் மருத்துவச் சுவடி ஒன்று கிடைத்தது. உள்ளறை, ஒரே ஒரு சாளரம், வீட்டுக்காரர் கொடுத்த நேரம் ஒரு மணி. அவசர அவசரமாக எடுத்து முடித்தோம். கேமராவின் சிறு திரையில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தன. கல்லூரிக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகள் இருந்தன. அவற்றின் மெல்லிய கீறல்கள் சில இல்லை. மருந்துச் சரக்கு ஒன்றின் அளவைச் சொல்லும் இடத்தில் இருந்த எண் ௧ என்றும் படிக்கலாம், ௪ என்றும் படிக்கலாம் என்ற நிலை. ஒரு பங்கா, நான்கு பங்கா? சில மாதங்கள் கழித்து மீண்டும் அந்த வீட்டிற்குப் போனோம். அந்த ஏட்டின் ஓரம் பூச்சி அரித்து உதிர்ந்திருந்தது. எஞ்சியது எங்கள் படம் மட்டுமே.

இது எப்படி நேர்ந்தது என்று தேடிப் படித்த பின்னரே ஜி11 பின்வாங்கியதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா தன் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓ எண்ணை, உயர்த்திக்கொள்கிறது. உயர்த்த உயர்த்தப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேர்கிறது. அதை மறைக்கக் கேமராவின் உள்ளே இயங்கும் மென்பொருள் படத்தை வழித்து மெழுகுகிறது. இரைச்சல் புள்ளி எது, எழுத்தாணியின் கீறல் எது என்று அதற்குத் தெரியாது. மங்கலாகவும் மெல்லியதாகவும் இருப்பதையெல்லாம் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடுகிறது. மை ஏற்றாத ஏட்டில் கீறல் மங்கலாகத்தானே இருக்கும்! இதைக் கேமரா செய்த பாடபேதம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் குறையின் வேர் உணரியின் பரப்பில் இருக்கிறது. ஜி10, ஜி11 இரண்டிலும் உள்ள உணரி ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர் நீளமும் 5.7 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பழைய 35 மி.மீ. படச்சுருளின் சட்டமோ 36க்கு 24. பரப்பைக் கணக்கிட்டால் இருபதில் ஒரு பங்கு. அந்தச் சிறு நிலத்தை 14.7 மெகாபிக்சலாகக் கூறுபோட்டால் ஒவ்வொரு கூறும் ஏறத்தாழ 1.7 மைக்ரான், 10 மெகாபிக்சலாகப் போட்டால் 2.1 மைக்ரான். கூறு பெரிதானால் ஒவ்வொன்றின் மீதும் விழும் ஒளி மிகுகிறது. ஜி11 செய்தது இந்த எளிய கணக்கைத்தான்.

எண்ணிக்கை குறைந்ததாலேயே ஜி11 எல்லா வகையிலும் மேல் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நல்ல வெளிச்சத்தில் முக்காலியில் பொருத்தி ஐஎஸ்ஓ 80இல் எடுத்தால் ஜி10 தரும் நுணுக்கம் கூடுதல். கனடாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரெய்க்மன் 2008இல் ஜி10ஐயும் 39 மெகாபிக்சல் கொண்ட நடுத்தரச் சட்டக் கருவி ஒன்றையும் அருகருகே வைத்து ஒரே காட்சியை எடுத்தார். 13க்கு 19 அங்குல அச்சுகளில், அனுபவமுள்ளவர்களாலும் எது எதுவென்று உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை என்று எழுதினார். ஆகவே கேமராவை எந்த ஒளியில், எத்தனை நேரம் கிடைக்கும் இடத்தில் பயன்படுத்தப் போகிறோம் என்பதே கேள்வி. எங்களைப் போல அடுத்தவர் வீட்டு உள்ளறையில், முக்காலி விரிக்க இடமின்றி, ஐஎஸ்ஓ 400இல் நிற்போருக்கு ஜி11 செய்த விட்டுக்கொடுப்பு பயன் தருகிறது.

பின்னர் ஒரு ஜி11 கைமாறி எங்களிடம் வந்தது. அதனோடு பழகியதில் அதன் முதன்மையான சிறப்பாக நாங்கள் கருதுவது, பதப்படுத்தாத மூலக்கோப்பைத் தருவது. ஒளிப்படக்காரர் வழக்கில் 'ரா' கோப்பு. மெழுகும் வேலையை எவ்வளவு செய்யலாம், செய்யவே வேண்டாமா என்பதை நாமே பின்னர் முடிவு செய்யலாம். ஐஎஸ்ஓவுக்கும் ஒளியளவுத் திருத்தத்திற்கும் கேமராவின் மேற்புறத்திலேயே தனித்தனித் திருகுகள் இருக்கின்றன. கருவி என்ன நிலையில் இருக்கிறது என்பது அதை இயக்குவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. விரித்துத் திருப்பக்கூடிய திரை இன்னொரு வசதி. பாயில் கிடத்திய ஏட்டுக்கு நேர்மேலே கேமராவைப் பிடித்தபடி பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்க்கலாம். ஏட்டின்மேல் குனிந்து நம் நிழலை நாமே விழச் செய்ய வேண்டியதில்லை.

சிறு உணரியின் குறையே ஓரிடத்தில் நிறையாகிறது. அதன் லென்ஸின் உண்மையான குவிய நீளம் 6.1 முதல் 30.5 மி.மீ. வரைதான், 35 மி.மீ. கணக்கில் அது 28 முதல் 140க்குச் சமம். இதனால் குவிவின் ஆழம் மிகுகிறது. எஃப் 4இல் எடுத்தாலும், முழுச்சட்டக் கேமராவில் எஃப் 18 அளவுக்குத் துளையைச் சுருக்கினால் கிடைக்கும் ஆழம் கிட்டுகிறது. பழைய ஏடு ஒருபோதும் தட்டையாகக் கிடப்பதில்லை. நடுவில் வளைந்தும் ஓரத்தில் சுருண்டும் இருக்கும். அந்த வளைவு முழுவதும் தெளிவாக விழ இந்த ஆழம் உதவுகிறது.

குறைகளும் சிறியன அல்ல. கச்சிதக் கேமரா என்று பெயர். தடிமனோ ஏறத்தாழ 48 மி.மீ. சட்டைப் பையில் அடங்காது. ஒளியியல் காண்துளையில் காட்சியின் முக்கால் பங்கே தெரிகிறது; கிட்டத்தில் எடுக்கும்போது அது காட்டும் இடம் ஒன்று, படத்தில் விழும் இடம் வேறொன்று. லென்ஸின் அகன்ற துளை எஃப் 2.8, ஜூம் முனைக்குப் போனால் 4.5. இதே வரிசையில் 2004இல் வந்த ஜி6இல் அது எஃப் 2.0ஆக இருந்தது. 2008இல் வந்த பானசோனிக் எல்எக்ஸ்3இலும் எஃப் 2.0 கிடைத்தது, அது 720 வரி வீடியோவும் எடுத்தது. ஜி11 640க்கு 480 அளவோடு நின்றுவிட்டது. தொடர்ந்து எடுக்கச் சொன்னால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு படம். ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டிவிட்டால் சுவடி வேலைக்கு உதவாது என்பது எங்கள் முடிவு. கூறுகளை எவ்வளவு பெரிதாக்கினாலும் நிலம் சிறியதுதான் என்பதை மறைக்க முடியாது. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100, 13.2க்கு 8.8 மி.மீ. உணரியைச் சட்டைப் பை அளவுக்குள் வைத்துக் காட்டியபோது ஜி11 வகைக் கேமராக்களின் காலம் முடியத் தொடங்கியது.

இந்த வரிசையின் கதையைத் திரும்பிப் பார்த்தால், முன்னேற்றம் என்பது நேர்கோடன்று என்பது புலனாகும். 2000இல் வந்த ஜி1இலேயே மூலக்கோப்பும் திருப்பும் திரையும் இருந்தன. 2006இல் ஜி7 வந்தபோது இரண்டும் பறிக்கப்பட்டன. மூலக்கோப்பு 2007இல் ஜி9இல் திரும்பி வந்தது. திரை 2009 வரை காத்திருந்து ஜி11இல் வந்தது. 2010இன் ஜி12, 10 மெகாபிக்சலையும் அந்தத் திரையையும் காத்தது. 2012இன் ஜி15இல் லென்ஸ் எஃப் 1.8 ஆனது, ஆனால் திருப்பும் திரை மீண்டும் காணாமற்போனது. புதியது என்பதாலேயே நிறைவானது என்று நம்புவோர் இவ்வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

கையிலிருக்கும் கைப்பேசி இதைவிட நன்றாக எடுக்குமே என்று எங்கள் மாணவர்கள் கேட்கிறார்கள். பார்வைக்கு நன்றாகவே எடுக்கிறது; மறுப்பதற்கில்லை. பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, இருட்டையும் வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. நமது அச்சம் வேறு. 2023இல் ஒரு கைப்பேசி, நிலவைப் படமெடுக்கும்போது லென்ஸ் காணாத நுணுக்கங்களைத் தானே சேர்க்கிறது என்ற சர்ச்சை எழுந்தது. நிலவுக்குப் பள்ளம் சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை. ஏட்டில் இல்லாத கோட்டைச் சேர்த்துவிட்டால்? பழைய கேமரா கீறலை அழித்தது. அழிந்த இடம் மங்கலாகவேனும் நின்று நம்மை எச்சரித்தது. ஊகிக்கும் கருவி அந்த மங்கலையும் திருத்தித் தெளிவான பொய்யைத் தந்துவிடக்கூடும். ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. காலத்தில், ஐயமுள்ள இடத்திற்கு இன்னொரு சுவடி சாட்சி சொன்னது. இன்று பல வீட்டுச் சுவடிகளுக்கு ஒரே சாட்சி ஒரு படம்தான். சாட்சி அழகாகப் பேச வேண்டியதில்லை. கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஆகவே சுவடி எடுக்கப் புறப்படும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. எந்தக் கேமராவானாலும் மூலக்கோப்பைத் தருவதாக இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில் எடுங்கள்; கீறலின் பள்ளம் நிழலாகத் தெரியும். ஒவ்வோர் ஏட்டையும் இருமுறை எடுங்கள். திருத்திய படத்தோடு திருத்தாத கோப்பையும் காத்து வையுங்கள். நாங்கள் பெயர்த்தெழுதிய மருத்துவச் சுவடியில் அந்த ஓரிடத்தில் ௧, ௪ என்னும் இரண்டு எண்களையும் எழுதிப் பக்கத்தில் ஒரு வினாக்குறி இட்டு வைத்திருக்கிறோம். அதை நீக்க இனி எந்தக் கேமராவாலும் இயலாது.