முதல் பெண்மணி என்று கூப்பிடாதீர்கள்

'கே-ஹேண்ட்' என்ற பெயரை ஓர் இசைத்தொகுப்பில் முதன்முதலாகப் பார்த்தபோது அது ஓர் ஆணின் பெயர் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. வேறு மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இசையை வருடக்கணக்கில் கேட்ட பிறகுதான், அவர் கெல்லி ஹேண்ட் என்ற கறுப்பினப் பெண் என்று தெரிந்தது. பெண்ணியம் பேசுகிற என் காதுக்கே இந்தக் கதி என்றால், இந்த இசையின் வரலாற்றை எழுதியவர்களின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

டெக்னோ பிறந்த கதையை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். கார் தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஊர். பக்கத்தில் பெல்வில் என்ற சிற்றூர். அங்கே ஒரே பள்ளியில் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்து அவர்கள் செய்த இசை, 1988ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பின் வழியாக 'டெக்னோ' என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குப் பரவியது. 1989ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991ல் அந்நகரில், பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் 'ட்ரெசார்' நடனக்கூடம் திறந்தது. 2024ல் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பெர்லினின் வெளிச்சத்தில் டெட்ராய்ட் மறைந்துவிடக் கூடாது என்று கறுப்பினக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். அதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் அப்படி மீட்டெடுத்த கதையிலும் மூன்று ஆண்கள்தானே இருக்கிறார்கள்? அந்த நகரத்தில் பெண்களே இல்லையா?

இருந்தார்கள். ஸ்டேசி ஹேல் 1980களிலேயே டெட்ராய்ட்டின் நடனக்கூடங்களில் டிஜேவாக இருந்தவர். கெல்லி ஹேண்ட் 1990ல் தன் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்; பின்னாளில் 'அகேசியா ரெக்கார்ட்ஸ்' என்று அறியப்பட்டது அதுதான். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தானே இசையமைத்துத் தானே வெளியிட்டார். டிஜே மிங்க்ஸ் 1996ல் 'விமன் ஆன் வேக்ஸ்' என்ற பெண் டிஜேக்களின் கூட்டமைப்பை ஆரம்பித்தார். தான் மேலே வந்ததோடு நிற்காமல் மற்ற பெண்களையும் கூட அழைத்துக்கொண்டவர் அவர். வரலாற்றின் ஓரத்தில் கிடக்கிற வேலையா இது?

இவர்களைப் பாராட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. எப்படிப் பாராட்டினார்கள் என்று பாருங்கள். அந்த மூன்று ஆண்களுக்கும் வழங்குகிற பட்டங்கள்: தோற்றுவித்தவர், புதுமை செய்தவர், உயர்த்தியவர். மூன்றுமே செயலைச் சொல்கின்றன. 2017ல் டெட்ராய்ட் நகர மன்றம் கெல்லி ஹேண்டைக் கௌரவித்தபோது சூட்டிய பெயர்: 'டெட்ராய்ட்டின் முதல் பெண்மணி'. ஸ்டேசி ஹேலை 'ஹவுஸ் இசையின் ஞானத்தாய்' என்கிறார்கள். ஆணுக்கு அவன் செய்த வேலையே பட்டம். பெண்ணுக்கு அவள் பெண் என்பதே பட்டம். 'முதல் பெண்மணி' என்று நாம் யாரைச் சொல்கிறோம்? ஜனாதிபதியின் மனைவியை. தன் பெயரில் நிறுவனம் நடத்திய ஒருத்திக்கு, யாரோ ஒருவரின் மனைவிக்குரிய பட்டம்! 2021ல் அவர் இறந்தபோதும் அஞ்சலிகளில் அந்தப் பட்டமே முன்னால் வந்து நின்றது.

"டெக்னோவில் முகமே கிடையாது, இயந்திரத்துக்கு ஏது ஆண் பெண்?" என்று சிலர் வாதிடுவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இசைத்தட்டின் உறையில் படம் இல்லாமல், சில சமயம் பெயர்கூட இல்லாமல் வந்த இசைதான் இது. ஆனால் முகம் இல்லாத இடத்தில் உலகம் எந்த முகத்தை வரைந்துகொள்கிறது? நான் வரைந்துகொண்ட அதே ஆண் முகத்தைத்தான்.

"பெண் டிஜேக்கள் ஏன் இல்லை?" என்ற கேள்வியைக் கேட்டுச் சலித்துப்போன, 'எலெக்ட்ரிக் இண்டிகோ' என்ற வியன்னா டிஜே, 1998ல் 'ஃபீமேல் பிரஷர்' என்ற வலையமைப்பைத் தொடங்கினார். பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல், பெயர்களைத் தொகுத்து முன்னால் வைத்தார். அதோடு விடாமல், மின்னிசை விழாக்களின் மேடைகளையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 2012ல் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2020–21ல் ஏறத்தாழ 27. யாரும் தானாக இடம் விடவில்லை. எண்ணிக் காட்டிக் கேட்டதால் நகர்ந்த எண் இது. மேடை என்பது புகழ் மட்டுமல்ல, கூலி. வரலாற்றில் பெயர் இல்லாதவரை விழாவுக்கு அழைப்பதில்லை. அழைக்காதவருக்கு வாடகை கட்டப் பணம் வருவதில்லை.

கல்லூரி நாடகம் ஒன்றுக்கு ஒலி அமைக்க நான் மிக்சர் முன்னால் உட்கார்ந்தபோது, வாடகைக்கு அதைக் கொண்டுவந்தவர், "அதுல கை வைக்காதீங்கம்மா, பசங்க யாராவது வரட்டும்" என்றார். எழுந்துகொண்டேன். இன்றைக்கும் எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, எழுந்துகொண்ட என்மேல்தான்.

பணமும் வாத்தியக்குழுவும் இல்லாதவர்கள், மலிவான இயந்திரங்களை வைத்துக்கொண்டு வீட்டு அறையிலேயே எதிர்காலத்தைச் செய்து பார்த்த இசை டெக்னோ. இன்று அதற்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். அதனால்தான் அது இன்னும் நமக்குத் தேவைப்படுகிறது. மாணவிகளே, எந்தக் கலையின் வரலாற்றை வாசித்தாலும் முதல் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். விடுபட்டவளின் பெயரைத் தேடி எழுதுங்கள். எழுதும்போது அவளுக்குப் பட்டம் எதுவும் சூட்டாதீர்கள். அவள் செய்த வேலையைச் சொல்லுங்கள். கெல்லி ஹேண்ட், இசையமைப்பாளர், டிஜே, நிறுவனர். மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தால், யார் சொன்னாலும் எழுந்துகொள்ளாதீர்கள்.