ஆணி இல்லாத மரம் கொண்டாங்க!

கேம்பஸ் இன்டர்வியூல 'ஃபேமிலி என்ன பண்றாங்க?'னு கேட்டா, 'பிசினஸ்'னு ஒரே வார்த்தையில எஸ்கேப் ஆகுற கோஷ்டி நாம. எங்க தாய்மாமா பண்ணதும் பிசினஸ்தான். மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கிராமத்துல மரம் அறுக்கிற மில். தகரக் கொட்டகை, ஒரு பேண்ட் சா, 20 ஹெச்.பி. மோட்டார், தண்டவாளத்துல கையால தள்ளுற டிராலி. அவ்ளோதான் பாஸ் மொத்தக் கம்பெனியும்!

தாத்தா காலத்துல அதுவும் கிடையாது. ஒரு குழி வெட்டி, அதுக்குக் குறுக்க மரத்தைப் போட்டு, மேல ஒருத்தர், குழிக்குள்ள ஒருத்தர்னு நின்னு நீளமான ரம்பத்தை இழுப்பாங்க. கீழே நிக்கிறவர் கண்ணுல நாள் பூரா மரத்தூள் கொட்டும். எப்பவும் புதுசா வேலைக்குச் சேர்ந்தவர்தான் குழிக்குள்ள. ராகிங் அப்பவே இருந்திருக்கு!

மாமா எட்டாவது ஃபெயில். ஆனா, மரத்தைச் சுத்தி ஒரு சணலை ஓட்டி, அதை நாலா மடிச்சு அளந்து, நொடியில கன அடி சொல்லிடுவார். சுத்தளவுல கால்வாசியை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்கணும். 60 இஞ்ச் சுத்தளவு, 10 அடி நீளம்னா 15.6 கன அடி. நான் ப்ளஸ் டூ திமிர்ல பை ஆர் ஸ்கொயர் போட்டுப் பார்த்தேன். 19.9 வந்துச்சு. "மாமா, தப்பாச் சொல்லி ஏமாத்துறீங்க!"ன்னேன். சிரிச்சார். "கண்ணு, உன் கணக்கு உருண்டை மரத்துக்கு. பலகை சதுரமாத்தானே வருது? ஓரமும் தூளும் போக மிச்சத்துக்குத்தான் இந்தக் கணக்கு." ஊர் உலகத்துல மர வியாபாரமே பல காலம் ஓடினது இந்தக் கால் சுத்தளவுக் கணக்குலதான்னு ரொம்ப லேட்டாதான் எனக்குத் தெரிஞ்சுது.

கூடலூர் பக்கமிருந்து லாரி லாரியா மரம் வந்த வரைக்கும் மில்லுல எட்டுப் பேர் வேலை. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட், கூடலூர்ல காடு அழியுறதைப் பார்த்து 1995-ல சுப்ரீம் கோர்ட் போனார். 1996 டிசம்பர் 12-ல வந்த உத்தரவு நாட்டையே புரட்டிப் போட்டுச்சு. யார் பேர்ல இருந்தாலும் காடு காடுதான். தமிழ்நாட்டுல காட்டு மரம் வெட்டத் தடை. 2002-ல இன்னொரு உத்தரவு: கோர்ட் அமைச்ச மத்தியக் குழு சம்மதிக்காம புது மர மில்லே திறக்கக் கூடாது.

மாமா மில்லுல எட்டுப் பேர் மூணு பேர் ஆனாங்க. அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்குப் புது பேன்ட் வரலை. அத்தை வளையலும் காணலை. அப்பல்லாம் அந்தக் கேஸ்னாலே எனக்கு ஆகாது. காலேஜ் போனப்புறம்தான், அந்தக் காடு நின்னதாலதான் நம்ம ஆத்துல தண்ணி வருதுன்னு உறைச்சுது. உறைச்சாலும் வளையல் ஞாபகம் போகலை.

அப்புறம் மில் ஓடினது ஊர் மரத்துலதான். வேம்பு, மா, புளி. அதுல புளிதான் வில்லன். பேய் ஓட்டுறேன்னு பூசாரிங்க முடியை வெச்சு ஆணி அடிச்சிருப்பாங்க. வருஷம் ஆக ஆக மரம் ஆணியை உள்ளே முழுங்கிடும். வெளியே ஒண்ணுமே தெரியாது. ஓடுற பிளேடு அதுல பட்டா பல்லெல்லாம் காலி. சமயத்துல பிளேடே அறுந்து பறக்கும். அதனால வாசல்லயே மாமா கேட்பார், "ஆணி இல்லாத மரம்தானுங்களே?" எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க.

இப்ப மில்லைப் பார்க்கிறது மாமா பொண்ணு. பி.காம். வந்ததும் முதல் வேலையா, செக்யூரிட்டிக்காரங்க கையில இருக்குமே, அந்த மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கிட்டா. போன தடவை நான் போனப்ப ஒரு புளியமரம் இறங்கியிருந்துச்சு. மேல தடவினா, ஏழு இடத்துல கத்துச்சு. மாமா கட்டில்ல இருந்தபடியே எண்ணிட்டு இருந்தார். "ஏழு பேய்"ன்னார். அவ சாக்பீஸால ஏழு வட்டம் போட்டுட்டு உளியைத் தேடிப் போனா.